சின்னப்பர் கரையேறிய தீவில் மருமக்களாய்ச் செல்வோர்

மத்தியதரைக் கடலின் நடுவே, சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் மால்டா நாடு அமைந்துள்ளது. மால்டா, கோசோ, கொமீனோ என்னும் மூன்று தீவுகளும் சேர்ந்து 316 சதுரக் கிலோமீட்டர்தான். பெரிய தீவின் நீளமே 27 கிலோமீட்டர்; ஒரு முனையில் காலைத் திருப்பலி கண்டு மறு முனையில் காலை உணவு கொள்ளலாம். ஆயினும் ஆண்டில் ஏறக்குறைய 3000 மணி நேரம் வெயில் காயும் அந்நாட்டை நாடி, வட ஐரோப்பாவின் மங்கலிலும் குளிரிலும் வாழ்வோர் கூட்டங்கூட்டமாக வருகின்றனர். வெயிலுக்காக ஒருவர் வீடு வாசலை விட்டுப் புறப்படுவார் என்பது கத்திரி வெயிலில் வாடும் நம்மவருக்குச் சிரிப்பைத் தரலாம். நாங்களும் சிரித்தவர்களே.

நாங்கள் அங்குச் சென்றது வெயிலுக்காக அன்று. எங்கள் தம்பி மகள் செவிலியர் பணிக்காக மால்டா சென்றவள். கோசோத் தீவைச் சேர்ந்த இளைஞர் ஒருவரை மணக்க விரும்புவதாகப் பெற்றோருக்கு எழுதினாள். கடல் கடந்த சம்பந்தம். மொழி வேறு, உணவு வேறு. விசாரித்தறிய அங்கே நமக்கு உற்றார் யாருமிலர். நீண்ட பயணத்துக்குத் தம்பியின் உடல்நிலை இடந்தரவில்லை. "அண்ணனும் அண்ணியும் ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள்" என்று கேட்டுக்கொண்டார். பிப்ரவரித் திங்களில் மூன்று வாரம் தங்கினோம். நம் பங்குகளிலிருந்து பிள்ளைகள் பலர் இன்று வெளிநாட்டுப் பணிக்குச் செல்கின்றனர்; இத்தகைய கடிதம் இன்னும் பல வீடுகளின் கதவைத் தட்டக்கூடும். ஆதலின் கண்டதையும் கேட்டதையும் இங்கு எழுதுகிறோம்.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூரியத் தீவு என்று பெயர் பெற்ற இடத்தில் நாங்கள் நடுங்கினோம். வெளியே இளவெயில், வீட்டுக்குள்ளே குளிர்! மால்டாவின் வீடுகள் அத்தீவிலேயே வெட்டியெடுக்கப்படும் மஞ்சள் நிறச் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. வேனிலின் வெப்பத்தைத் தாங்க அமைந்த அச்சுவர்கள் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. தரையோ பனிக்கட்டி போன்ற ஓடு. பிற நாடுகளிலிருந்து மணமுடித்து வரும் பெண்கள் முதலாண்டில் சொல்லும் முதற் குறை இதுவே என்று அறிந்தோம். வேனிலிலோ நிலைமை தலைகீழ். ஜூன் முதல் ஆகஸ்டு வரை வானம் பெரும்பாலும் ஒரு துளியும் தருவதில்லை. நாட்டில் ஆறு இல்லை, ஏரி இல்லை. பழைய வீடுகள் பலவற்றின் அடியில் மழைநீர் சேமிக்கும் தொட்டியைக் குடைந்து வைத்துள்ளனர். இன்று அவர்கள் பருகும் நீரில் பாதிக்கு மேற்பட்டது கடல்நீரை உப்பகற்றிப் பெறுவதாகும். குடம் சுமந்து பழகிய எங்கள் இல்லத்தரசிக்கு இச்செய்தி தேவாலயங்களைக் காட்டிலும் வியப்பூட்டியது.

தேவாலயங்களும் வியப்புக்குரியனவே. மோஸ்டா என்னும் ஊரின் கோயிலுக்குத் தூணின்றி எழுந்த மாபெரும் கவிகை உண்டு. 1942 ஏப்ரல் 9-ஆம் நாள், இரண்டாம் உலகப் போரின்போது, மாலைத் திருப்பலிக்காக இருநூறுக்கு மேற்பட்டோர் கூடியிருந்த வேளையில் அக்கவிகையைத் துளைத்துக்கொண்டு குண்டு ஒன்று உள்ளே விழுந்தது. அது வெடிக்கவில்லை. ஒருவருக்கும் ஊறு நேரவில்லை. அக்குண்டைப் போன்ற மாதிரி ஒன்றை இன்றும் கோயிலின் பின்னறையில் காட்டுகின்றனர்.

பிப்ரவரி 10-ஆம் நாள் தலைநகராகிய வல்லெட்டாவில் இருந்தோம். அன்றுதான் புனித சின்னப்பர் கப்பற்சேதத்தின் திருநாள். உரோமைக்குக் கைதியாய்க் கொண்டுசெல்லப்பட்ட அப்போஸ்தலர் ஏறிய கப்பல் புயலில் சிக்கி இத்தீவில் மோதிற்று. கப்பலிலிருந்த 276 பேரும் உயிரோடு கரையேறினர் என்பதை அப்போஸ்தலர் பணி நூலின் இறுதி அதிகாரங்களில் படித்திருப்போம். மழைக்கும் குளிருக்கும் தீ மூட்டித் தீவினர் அவர்களை வரவேற்றதும், விறகிலிருந்து வெளிவந்த விரியன் சின்னப்பரின் கையைப் பற்றியும் அவருக்குத் தீங்கு நேராததும், பூப்பிலியு என்னும் தலைவரின் தந்தையை அவர் குணமாக்கியதும் அங்கேயே. பிப்ரவரியின் குளிர் எலும்பைத் தொட்ட பிறகுதான், அந்தத் தீ எத்துணைப் பெரிய உபசாரம் என்பது எங்களுக்கு விளங்கிற்று. நம் ஊர்ச் சப்பரத்தைப் போலவே மரத்தாலான பெரிய சுரூபத்தைத் தோளில் சுமந்து குறுகிய தெருக்களில் பவனி வருகின்றனர். மாடங்களிலிருந்து துண்டுக் காகிதங்களை மழையாய்ப் பொழிகின்றனர். வெடிகளின் முழக்கத்தில் காது அடைத்தது. நம் திருவிழா வெடியெல்லாம் இதற்கு முன் மிகச் சிறிது!

அந்நூலை எழுதிய புனித லூக்கா அத்தீவினரைக் குறிக்கக் கையாளும் கிரேக்கச் சொல் 'பர்பரோய்' என்பது; வேற்றுமொழியினர் என்று பொருள்படும். இன்று அச்சொல் திரும்பிவிட்டது. தீவுக்கு வெளியிலிருந்து வருவோரை மால்டா மக்கள் 'பர்ரானி' என்கின்றனர். வெளியாள் என்பது பொருள். அதில் வெறுப்பு இல்லை, ஆனால் வாசல் எங்கே இருக்கிறது என்பதை அச்சொல் காட்டிவிடும். 2021-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நாட்டின் மக்கட்தொகை 5,19,562. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் பிற நாட்டினர். இத்துணைப் பேர் இருந்தும் பர்ரானி பர்ரானியே. கடையிலும் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் ஆங்கிலம் போதும். அது அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆனால் அடுக்களையில் அது போதாது.

மால்டா மொழி விந்தையானது. அரபு மொழியின் கிளையாய்ப் பிறந்து, இத்தாலியமும் சிசிலியமும் ஆங்கிலமும் கலந்து வளர்ந்து, உரோம எழுத்தில் எழுதப்பெறுவது. அம்மொழியில் கத்தோலிக்கர் இறைவனை 'அல்லா' என்றே அழைக்கின்றனர், தவக்காலம் 'ரண்டான்', மங்கள வார்த்தை செபமோ நாம் நன்கறிந்த சலாம் என்னும் சொல்லின் உறவோடு தொடங்குகிறது. முதல் ஞாயிறு திருப்பலியில் 'அல்லா' என்ற சொல் பீடத்திலிருந்து ஒலித்தபோது நாங்கள் ஒருவரையொருவர் நோக்கினோம். இரண்டாம் ஞாயிறு அது எங்களுக்கும் இயல்பாயிற்று.

வெளிநாட்டவரோடு மணவுறவு அத்தீவுக்குப் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சிந்தி வணிகர் வல்லெட்டாவில் பட்டுக்கடை வைத்தனர். அவர்தம் வழியினர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். 1964-இல் விடுதலை பெறும்வரை ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகள் பிரிட்டிஷ் ஆட்சி நிலவியது. கடற்படையினரை மணந்து கப்பலேறிய மால்டாப் பெண்கள் பலர். கத்தோலிக்கரும் புரொட்டஸ்டாண்டாரும் மணப்பது பற்றி 1890-இல் பிரிட்டிஷ் அரசுக்கும் உரோமைக்கும் இடையே உடன்பாடு காண வேண்டிய அளவுக்கு அங்கே வாதம் எழுந்ததுண்டு. பிற்காலத்தில் இங்கிலாந்து அரசியான எலிசபெத்துகூட, இளவரசியாய் இருந்தபோது, கிரேக்க நாட்டில் பிறந்த தம் கணவர் கடற்படையில் பணியாற்றியதால் 1949 முதல் 1951 வரை இத்தீவில் இல்லறம் நடத்தினார். அரண்மனைப் பெண்ணுக்கு அது இனிய காலமாய் இருந்ததாம். திரும்பிப் போகும் நாள் தெரிந்தவருக்கு எந்தத் தீவும் இனிதே.

திரும்பிப் போகாதவர்களின் நிலை வேறு. இதை நாங்கள் கோசோவில்தான் அறிந்தோம். பெரிய தீவின் வடமுனையிலிருந்து கப்பலில் இருபத்தைந்து நிமிடப் பயணம். மணமகனின் ஊர் ஷாரா. கி.மு. 3600 அளவிலேயே கட்டப்பட்ட கற்கோயில்கள் அவ்வூரில் உள்ளன. எகிப்தின் பிரமிடுகளுக்கு மூத்தவை அவை. ஊர்ப் பங்குக் கோயில் தேவதாயின் பிறப்புக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. திருநாள் செப்டம்பர் 8. வேளாங்கண்ணித் திருநாளும் அதுவே என்று நாங்கள் சொன்னபோது மணமகனின் தாயார் எழுந்து வந்து எங்கள் இல்லத்தரசியின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். அதுவரை அவ்வம்மையார் எங்களோடு மகன் வழியாகவே பேசிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு நண்பகல் உணவுக்கு அத்தாயாரின் வீட்டில் மகன்களும் மகள்களும் பேரப்பிள்ளைகளுமாய்ப் பதினேழு பேர் கூடினர். ஒவ்வொரு ஞாயிறும் இப்படியே. சோறு சமைத்திருக்கிறோம் என்று எங்களுக்காகச் சொன்னார்கள்; மகிழ்ந்தோம். வந்ததோ கொத்துக்கறியும் முட்டையும் தக்காளியும் சேர்த்து அடுப்பில் சுட்டெடுத்த சோறு. கத்தியால் துண்டு போட்டுப் பரிமாறினார்கள். சுவை நன்றே. முயற்கறியும் இருந்தது. அன்பில் குறையில்லை. ஆனால் உணவின் நடுவே பேச்சு சூடு பிடித்ததும் ஆங்கிலம் மெல்ல மறைந்தது. பதினேழு பேரும் ஒரே நேரத்தில் மால்டா மொழியில் பேசி ஒரே நேரத்தில் சிரித்தனர். எங்கள் மகள் புன்னகை மாறாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை ஒதுக்கவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

எங்கள் மனத்தில் தைத்தது இதுதான். சிறிய தீவில் பிறந்தவனுக்கு அவன் உலகம் முழுவதும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. தாய், உடன்பிறந்தோர், ஞானஸ்நானம் பெற்ற கோயில், படித்த பள்ளி, பந்தாடிய திடல், பாட்டனாரின் கல்லறை எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். தனிமை என்றால் என்னவென்று அவன் அறிந்ததில்லை. அறியாததை அவன் எப்படிக் கண்டுகொள்வான்? அவளுக்கோ அவன் ஒருவனைத் தவிர மற்ற எல்லாம் கடலுக்கு அப்பால். பிள்ளையின் குணம், சம்பளம், குடிப்பழக்கம் உண்டா என்றெல்லாம் விசாரித்துவரச் சொல்லியிருந்தார் தம்பி. அவற்றை விசாரித்தோம், குறை காணவில்லை. விசாரிக்க வேண்டியதோ வேறொன்று இருந்தது.

அதே ஊரில், 1970-களின் நடுவில் மால்டாக் கப்பற் பணியாளர் ஒருவரை மணந்து வந்த அயர்லாந்துப் பாட்டியார் ஒருவர் உள்ளார். ஊரார் அவரை 'நன்னா' என்றே அழைக்கின்றனர். பாட்டி என்பது பொருள். கணவர் ஆண்டில் பாதி நாள் கடலில். மாமியாருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. மொழியைக் கற்றது எப்படி என்று கேட்டோம். மாலைதோறும் மாமியார் வாசற்படியில் அமர்ந்து அண்டை வீட்டாரோடு ஜெபமாலை சொல்வாராம். அயர்லாந்துப் பெண்ணுக்குச் செபங்களின் பொருள் முன்பே தெரியும். ஆகவே ஒலிகளைப் பொருளோடு பொருத்திக்கொண்டார். 'எங்கள் தந்தை' என்பதிலிருந்து தந்தை என்னும் சொல். 'அன்றாட உணவு' என்பதிலிருந்து ரொட்டி என்னும் சொல். அச்சொற்களை எடுத்துக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போனாராம். இரண்டாம் ஆண்டின் இறுதியில் மாமியாரோடு சண்டையிடும் அளவுக்கு மொழி வந்துவிட்டது என்று சொல்லி நகைத்தார். கணவர் மறைந்த பின்னும் அவர் தாய்நாடு திரும்பவில்லை.

எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்து மணமுடித்த இளந்தாய் ஒருவரையும் கண்டோம். கணவரோடு ஆங்கிலம், குழந்தை பாட்டியோடு மால்டா மொழி. தம் சொந்த மொழியில் அவர் பேசுவது இரவில் தொலைபேசியில் தாயாரோடு மட்டும். குழந்தை தம்மிடமே மால்டா மொழியில் பதில் சொல்லத் தொடங்கியபோது பெருமையும் அழுகையும் ஒருங்கே வந்தன என்றார். அந்தக் கணவர் நல்லவர். வீட்டுக்கு வேண்டியவை அனைத்தும் வாங்கித் தருகிறார். அந்த மொழியில் பத்துச் சொற்களேனும் அவர் கற்றிருக்கலாம் என்பது எங்கள் கருத்து.

இதை மணமகனிடம் மறைக்காமல் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினார். 'மாமா', 'அத்தை', 'சாப்பிட்டீர்களா' என்பனவற்றைத் தம் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். 'பெரியப்பா', 'பெரியம்மா' என்பவற்றையும் அன்று சேர்த்துக்கொண்டார். ஞாயிறு விருந்தில் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவளைத் தாம் கவனிக்கவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். மால்டா மொழி வகுப்புக்கு அவள் செல்லும் மாலைகளில் சமையல் தம் பொறுப்பு என்றார். ஐரோப்பிய ஆண்கள் சமைப்பது பெரிய செய்தியன்று என்பார்கள். மால்டா மகன்களைப் பொறுத்தவரை அது செய்திதான் என்று நன்னா எங்களிடம் தனியே சொன்னார்.

நாங்கள் எதிர்பாராதது தாயாரின் அச்சம். புறப்படும் முன் அவர் மகனை அருகில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் பெண் என் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளா?" இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேலையின்றி மால்டா மக்கள் பல்லாயிரவர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறினர். அவ்வம்மையாரின் உடன்பிறந்தார் மூவர் மெல்போர்னில். திரும்பி வருகிறோம் என்று சென்றவர்கள் விருந்தாளிகளாகவே வந்து சென்றனர். நம் பெண்ணைத் தீவு விழுங்கிவிடுமோ என்று நாம் அஞ்ச, தம் மகனைக் கடல் கொண்டுபோய்விடுமோ என்று அவர் அஞ்சியிருக்கிறார். போகமாட்டாள் என்று உறுதி சொல்ல எங்களால் இயலவில்லை. அவர்கள் வாழ்வை அவர்களே தீர்மானிப்பார்கள் என்றோம். அவர் தலையசைத்தார், மனம் அமைதியடைந்ததாகத் தோன்றவில்லை.

பெற்றோர்களுக்குப் பயன்படும் என்பதால் சில நடைமுறைகளையும் கூறுவோம். இருவரும் கத்தோலிக்கராயின் இருவரின் பங்குகளிலிருந்தும் அண்மையில் பெற்ற ஞானஸ்நானச் சான்றும், திருமணத் தடையின்மைச் சான்றும் வேண்டும். இவை மறைமாவட்ட அலுவலகங்கள் வழியே செல்வதால் மாதங்கள் பிடிக்கும். மால்டாவில் கானா இயக்கத்தினர் திருமணத் தயாரிப்பு வகுப்புகள் நடத்துகின்றனர். மணமகன் வேறு சபையினராயின் ஆயரின் அனுமதியும், ஞானஸ்நானம் பெறாதவராயின் விலக்கும் தேவை. கத்தோலிக்கத் தரப்பினர் தம் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளைத் திருச்சபையில் வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களிக்க வேண்டும். மற்றவர் அவ்வாக்கை அறிந்திருக்க வேண்டும். 1970-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் வெளியிட்ட ஒழுங்கு இது; 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலும் உள்ளது.

நாட்டுச் சட்டமும் மாறியுள்ளது. 1975 வரை அந்நாட்டில் அரசுப் பதிவுத் திருமணம் என்பதே கிடையாது. 2011 மே 28-இல் நடந்த பொதுவாக்கெடுப்புக்குப் பின் மணமுறிவுச் சட்டமும் வந்துவிட்டது. கத்தோலிக்க நாடு என்னும் பெயரை மட்டும் நம்பிப் பெண் கொடுப்போர் இதை அறிந்திருப்பது நலம். மால்டாக் குடிமகனை மணந்து ஐந்தாண்டு சேர்ந்து வாழ்ந்த பின் அந்நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மால்டா 2000 முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. அதைப் பெற்றால் நம் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டு இந்தியர் அட்டை பெற்றுத் தாய்நாடு வந்து போகலாம். இதை விளக்கியபோது எங்கள் மகள் முதன்முறையாகக் கலங்கினாள். திருமணத்தால் பெயரும் ஊரும் மாறுவதை அவள் எண்ணியிருந்தாள். அந்த நீலப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதை எண்ணியதில்லை. அவசரமில்லை, ஐந்தாண்டு கழித்து முடிவு செய்யலாம், முடிவு செய்யாமலும் இருக்கலாம் என்று தேற்றினோம்.

மறுநாள் அவளும் மாமியாராகப் போகிறவரும் நாங்களும் தா பீனு அன்னையின் திருத்தலம் சென்றோம். 1883-இல் கர்ம்னி கிரீமா என்னும் எளிய பெண்மணி அங்கிருந்த சிற்றாலயத்திலிருந்து தம்மை அழைக்கும் குரலைக் கேட்டார் என்பது வரலாறு. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1990-இலும், திருத்தந்தை பிரான்சிஸ் 2022-இலும் அங்கு வந்து செபித்துள்ளனர். வயல்களின் நடுவே தனித்து நிற்கும் கோயில். பீடத்தின் பின்புறத்து வழியில் ஊன்றுகோல்கள், குழந்தைகளின் உடைகள், விபத்தில் நொறுங்கிய தலைக்கவசங்கள், நன்றிக் கடிதங்கள். வேளாங்கண்ணியின் காணிக்கைப் பொருட்காட்சியை அப்படியே நினைவூட்டின. இருவரும் நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தனர். ஒருத்தி தமிழிலும் மற்றவர் மால்டா மொழியிலும் மன்றாடினர். என்ன கேட்டார்கள் என்பதை நாங்கள் விசாரிக்கவில்லை. இரண்டு மன்றாட்டும் ஒத்துப்போயிருக்குமா என்பதும் ஐயமே.

திருமணம் அறுவடை மாதா திருநாளுக்குப் பின் ஷாரா பங்கில் நடப்பதாக முடிவாயிற்று. நம் பங்கில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். அவ்வூரின் பெயர் எழுத்தில் ஒன்றும் ஒலியில் ஒன்றுமாய் இருப்பதால் உபதேசியார் முதல் ஞாயிறு 'எக்சாக்ரா' என்றும், இரண்டாம் ஞாயிறு 'சக்ரா' என்றும் வாசித்தார். மூன்றாம் ஞாயிறு தம்பியே சக்கரீஸ்துக்குச் சென்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார்.